புலிக்குக் காவல் நிற்பவருக்குச் சம்பளம் எப்போது?

2025 ஜூன் 26. கர்நாடகத்தின் மலை மாதேஸ்வரா காட்டில், ஹூகியம் சரகத்தில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் செத்துக் கிடந்தன. இறந்த மாட்டின் மேல் யாரோ நஞ்சைத் தூவியிருந்தார்கள். மாட்டைப் புலி அடித்த ஆத்திரத்தில் நடந்தது என்பது வழக்கு. நாடே பேசிய செய்தி இது. அதற்குச் சில நாள் முன்னால் அதே காட்டின் ஒப்பந்தக் காவலர்கள் மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை என்று போராடியதை எத்தனை பேர் கவனித்தோம்? அரசு பணம் ஒதுக்கியும் அது அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை.

புலியைக் காக்கும் அறிவியலுக்கு மைசூர் வட்டாரம் தாய்வீடு மாதிரி. 2022 கணக்கெடுப்பின்படி பந்திப்பூரில் 150 புலிகள், நாகரஹொளேயில் 141. கார்பெட்டை விட்டால் நாட்டில் இந்த இரண்டும்தான் முன்னணி. நாகரஹொளேயில்தான் புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் 1990களின் தொடக்கத்தில் தானியங்கிக் கேமராக்களை மரத்தில் கட்டிப் புலிகளை எண்ணினார். ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இருக்காது. நம் கைரேகை போலத்தான். முதலில் படம் பிடித்த புலிகளில் எத்தனை மறுபடி கேமராவில் சிக்குகின்றன என்று பார்த்து, சிக்காதவற்றையும் சேர்த்து மொத்தத்தை மதிப்பிடலாம்.

இதே படங்கள் கள்ளவேட்டைக்காரனுக்கும் வினையாக முடிந்தன. லெக்ஸ் ஹிபி என்ற ஆய்வாளர் காரந்த் குழுவோடு சேர்ந்து 2009இல் ஒரு மென்பொருளை அறிவித்தார். புலியின் உடலை முப்பரிமாண வடிவமாக வைத்துக்கொண்டு, நடக்கும் புலியின் படத்தையும் விரித்துப் போட்ட தோலையும் அது ஒப்பிடும். ஏதோ ஊரில் பிடிபட்ட தோலுக்குரிய புலி முன்பே படத்தில் இருந்தால், அது எந்தக் காட்டில் உலவியது என்று சொல்லிவிடலாம்.

ஆனால் தோல் பிடிபடும்போது புலி செத்திருக்கும். அது சாகாமல் பார்த்துக்கொள்வது கால்நடையாகச் சுற்றுகிறவர் வேலை.

காட்டுக்குள் முகாம். சுற்றிலும் யானை வராமல் அகழி, உள்ளே அரிசி பருப்பு மூட்டை, ஒரு சூரிய விளக்கு. இங்கே தங்கிக் காடு சுற்றுகிறவர்களை முதுமலையில் வேட்டைத் தடுப்புக் காவலர் என்போம்; கர்நாடகப் பக்கம் வாட்சர். நாகரஹொளேயில் பலர் ஜேனு குருபர் போன்ற பழங்குடியினர். இதே காட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட சமூகம் இதே காட்டுக்குக் காவல் நிற்கிறது. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

இவர்கள் தேடி எடுக்க வேண்டியது சுருக்குக் கண்ணிகளை. பைக்கின் கிளட்ச் கம்பியை வளையமாக்கிச் செடியின் அடியில் கட்டினால் சுருக்கு தயார். செலவே இல்லை. காப்பித் தோட்ட ஓரத்தில் காட்டுப்பன்றிக்கு வைத்ததில் சிறுத்தையும் புலியும் மாட்டிக்கொள்கின்றன. துருவேறிய கம்பி சருகு நிறத்தில் கலந்துவிடும். அனுபவமுள்ள காவலர் கம்பியைத் தேடுவதில்லை. புதிதாக வெட்டிய குச்சி, இயல்புக்கு மாறாக வளைந்த கன்று, பாதையின் இருபக்கமும் முள்ளைப் போட்டு நடுவில் விட்ட சந்து ஆகியவற்றைத் தேடுகிறார். கம்போடியாவில் ஆய்வாளர்கள் தாங்களே சுருக்குகளை வைத்துக் காவலர்களைத் தேடவிட்டார்கள். பெரும்பகுதி கண்ணில் படவே இல்லை. ஒருமுறை சுற்றிவந்தால் காடு சுத்தம் என்று சொல்ல முடியாது. திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். 2010இல் வந்த எம்-ஸ்ட்ரைப்ஸ் முறையில் ரோந்துப் பாதை கைப்பேசியில் பதிவாகிறது. கால் படாத இடம் வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும். அவ்வளவுதான் கருவியால் முடியும். அந்த இடத்துக்கு நடந்து போக ஆள் வேண்டுமே.

யானை விஷயத்தில் நஷ்டம் இன்னும் ஆழம். ஆசிய யானையில் ஆணுக்கு மட்டுமே தந்தம். அதனால் வேட்டை ஆண்களையே தேடிப்போனது. 1980களின் இறுதியில் கேரளத்தின் பெரியாறு காட்டில் வளர்ந்த ஆண் ஒன்றுக்கு நூற்றுக்கும் மேல் பெண் யானைகள் என்ற நிலை. கூட்டம் கூட்டமாக யானை இருந்தும் கன்றுகள் குறைந்தன.

அந்தத் தந்தக் காலத்தின் பெயர் நமக்கு நன்றாகத் தெரியும்: வீரப்பன். அவர் ஊரான கோபிநத்தம் அன்று மைசூர் மாவட்டத்தில் இருந்தது; தமிழ் பேசும் ஊர். வன அதிகாரி பி. சீனிவாஸ் துப்பாக்கியைவிட அந்த ஊர் மக்களையே நம்பினார். வீடு கட்ட உதவினார், மாரியம்மன் கோயில் எழுப்பினார். 1991 நவம்பரில் வீரப்பன் அவரைக் கொன்றுவிட்டார். அரசு கீர்த்தி சக்ரா கொடுத்தது. ஊரார் இன்றும் அவரை நினைத்துக்கொள்கிறார்கள். என் பார்வையில் அவர் வழிதான் சரி. மாடு இழந்தவருக்கு இழப்பீடு அந்த வாரமே கிடைத்தால், நஞ்சுப் பொட்டலத்தைத் தேடுவது குறையும். நஞ்சு வாங்கியவர் யாரென்று ஊரில் ஒருவருக்காவது தெரியும். அவர் போய்ச் சொல்லக்கூடிய ஆள் அந்தப் பக்கம் தினம் நடக்கிற வாட்சர்தான். சம்பளம் இல்லாமல் அவர் வீட்டுக்குப் போய்விட்டால் சேதி வராது.

புலிகள் காப்பகத்தின் சுற்றுலா வருமானம் அந்தந்தக் காப்பகத்தின் அறக்கட்டளைக்குப் போக வேண்டும் என்பது 2006இல் வந்த சட்டத் திருத்தம். நாகரஹொளேயின் கபினிக்கோ பந்திப்பூருக்கோ போய் அந்தப் பணத்தைக் கட்டுகிறவர்கள் புலி தெரிந்ததா என்று கேட்பதோடு, வாட்சருக்கு இந்த மாதச் சம்பளம் வந்ததா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.