பறவை எங்கே இருக்கு? விசில் சொல்லும் கணக்கு



நம்ம அரிட்டாபட்டி மலையில் லகர் வல்லூறு இருப்பது நிறையப் பேருக்குத் தெரியும். அதுக்குத் தூரத்துச் சொந்தம் ஒண்ணு இருக்கு. பெயர் அமூர் வல்லூறு. எடை சுமார் 150 கிராம்தான். ஆனா வடகிழக்கு ஆசியாவிலிருந்து கிளம்பி, அக்டோபர், நவம்பரில் நாகாலாந்து, மணிப்பூர் வழியா இந்தியாவைக் கடந்து, அரபிக் கடலையும் தாண்டி ஆப்பிரிக்கா போய்ச் சேரும்.

2012-ல் நாகாலாந்தின் தொயாங் நீர்த்தேக்கம் பக்கம் இந்தப் பறவைகளை ஒரு லட்சத்துக்கும் மேல் வலைபோட்டுக் கொன்னுட்டாங்க. செய்தி உலகமெல்லாம் பரவியது. மறுவருஷமே அந்த ஊர் மக்கள் வேட்டையை நிறுத்தினார்கள். 2013 நவம்பரில் மூன்று பறவைகளின் முதுகில் சுமார் 5 கிராம் எடையுள்ள சூரியசக்திக் கருவியைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். பெயர்கள் நாகா, வோக்கா, பங்டி.

இப்போ ஒரு கேள்வி. பங்டி எங்கே இருக்குன்னு அந்தக் கருவிக்குத் தெரியுமா? தெரியாது! செல்போனில் இருக்கிற ஜி.பி.எஸ். தன் இடத்தைத் தானே கணக்குப் போட்டுக்கும். அதுக்கு பேட்டரி அதிகம் வேணும், எடையும் கூடும். இந்தக் குட்டிக் கருவி செய்வதெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான். நிமிஷத்துக்கு ஒரு தரம் போல, ஒரு விநாடிக்கும் குறைவா ஒரு ரேடியோ 'விசில்' அடிக்கும். மேலே சுமார் 850 கிலோமீட்டர் உயரத்தில், வடதுருவம் தென்துருவம் என்று சுற்றும் ஆர்கோஸ் கருவி பொருத்திய செயற்கைக்கோள் அதைக் கேட்டு எழுதி வைக்கும். 1978-லிருந்து நடக்கும் ஏற்பாடு இது. இஸ்ரோ 2013 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய சரள் செயற்கைக்கோளிலும் ஆர்கோஸ் கருவி இருந்தது.

வெறும் விசிலை வச்சு இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பாங்க? திருப்பரங்குன்றம் ரயில்வே கேட்டில் நின்னு கேட்டிருப்பீங்க. ரயில் கிட்ட வரும்போது ஹாரன் சத்தம் கீச்சுன்னு இருக்கும், நம்மைத் தாண்டினதும் சட்டுன்னு கனமாகிவிடும். இதுதான் டாப்ளர் விளைவு. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்னா அந்த மாற்றம் சட்டென்று நடக்கும். தூரத்து வயலில் நின்னா மெதுவா நடக்கும். அதாவது சத்தம் மாறுற வேகமே தூரத்தைச் சொல்லிவிடும்! (சோதிச்சுப் பார்க்கிறேன்னு யாரும் தண்டவாளத்துக்குப் போயிடாதீங்க.)

இதை அப்படியே திருப்பிப் போடுங்க. விசில் அடிப்பது தரையில் இருக்கும் பறவை, ரயிலில் உட்கார்ந்து கேட்பது செயற்கைக்கோள். விசிலின் அதிர்வெண் விநாடிக்குச் சுமார் 40 கோடி. செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கும் மேல் ஓடுவதால் அது அதிகபட்சம் 9 ஆயிரம் வரை கூடும், குறையும். ஒரு தடவை தலைக்கு மேல் கடக்கும் பத்து நிமிஷத்தில் கிடைக்கும் சில எண்கள்தான் மூலத் தகவல். வேற எதுவும் கிடையாது. 1957-ல் ஸ்புட்னிக் அனுப்பிய 'பீப்' சத்தத்தைக் கேட்டு கையர், வைஃபென்பாக் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் அதன் பாதையையே கணக்கிட்டார்களே, அதே கணக்கின் மறுபக்கம் இது.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு. தண்டவாளத்துக்கு இடப்பக்கம் நின்னாலும் வலப்பக்கம் நின்னாலும் சத்தம் ஒரே மாதிரிதானே மாறும்? அதனால் கணக்குக்கு எப்பவும் இரண்டு விடை வரும். உதாரணமா, பறவை மதுரையில் உட்கார்ந்திருக்கு, செயற்கைக்கோள் 300 கிலோமீட்டர் கிழக்கே முல்லைத்தீவுப் பக்கமா போகுதுன்னு வச்சுக்குவோம். ஒரு விடை மதுரை. இன்னொண்ணு அந்தப் பக்கம் 300 கிலோமீட்டர் தள்ளி, நடு வங்காள விரிகுடா!

கடலில் பறவை எப்படி இருக்கும், மதுரைதான் சரி என்று சொல்லிடலாமா? மைனான்னா சரி. அமூர் வல்லூறு விஷயத்தில் அது செல்லாது, அதுதான் கடல் மேலேயே பறக்குமே. அதனால் அடுத்த செயற்கைக்கோள் வேற பாதையில் கடக்கும்வரை காத்திருப்பாங்க. நிஜ இடம் பெரிசா நகராது, போலி இடம் எங்கேயோ தாவிடும். பூமி சுழல்வதாலும் இரண்டு விடைகளில் ஒன்று எண்களோடு கொஞ்சம் கூடுதலாப் பொருந்தும். இப்படிப் புள்ளி புள்ளியாச் சேர்த்துத்தான் நாகாவும் பங்டியும் ஆப்பிரிக்கா போய், 2014-ல் மறுபடியும் தொயாங்குக்கே வந்ததைக் கண்டார்கள்.

கிடைத்த புள்ளியும் ஊசிமுனை இல்லை. மிக நல்ல தரத்தில்கூட 250 மீட்டர் வரை பிழை இருக்கும். மீனாட்சியம்மன் கோயில் நடுவிலிருந்து அந்த அளவுக்கு வட்டம் போட்டா கோயிலும் நாலு சித்திரை வீதிகளும் உள்ளே வந்துவிடும். கிட்டத்தட்ட 48 ஏக்கர்! சுமாரான தரம் என்றால் பிழை ஒன்றரை கிலோமீட்டரையும் தாண்டும்.

இதனால் இன்னொரு குழப்பம். பறவை அசையாமல் கிடந்தாலும் வரைபடத்தில் புள்ளிகள் இங்கேயும் அங்கேயுமா சிதறித்தான் விழும். இறந்த பறவையின் முதுகிலும் வெயில் பட்டால் கருவி விசில் அடிச்சுக்கிட்டே இருக்கும். சிதறல் எல்லாம் ஒரே வட்டத்துக்குள் நாள்கணக்கா நின்னால்தான் சந்தேகம் வரும். அப்புறம் ஆட்கள் காட்டுக்குள் இறங்கித் தேடணும். 2018 நவம்பரில் மணிப்பூரில் கருவி கட்டி விடப்பட்ட ஒரு பறவைக்கு 'மணிப்பூர்' என்றே பெயர் வச்சாங்க. சில நாளிலேயே அது தமெங்லாங் மாவட்டத்தில் கொல்லப்பட்டுக் கிடந்தது. ஆப்பிரிக்கா இருக்கட்டும், அது அந்த மாவட்டத்தையே தாண்டவில்லை.