நிலநடுக்கம் வந்தால் கழிவுநீர் எங்கே போகும்? கால்வாயை மறித்து 100 நாள் சமாளித்த கோபே நகரம்

நிலநடுக்கம் என்றதும் இடிந்த வீடுகளும் சரிந்த பாலங்களும்தான் கண்முன் வரும். டாய்லெட்டைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. மின்சாரம் போனால் மெழுகுவத்தி ஏற்றலாம், குடிநீர் நின்றால் லாரியில் கொண்டு வரலாம். ஆனால் கழிவுநீரை மட்டும் ‘நாலு நாள் கழிச்சு வா’ என்று நிறுத்தி வைக்க முடியாது. சுத்திகரிப்பு நிலையம் உடைந்துவிட்டால் அது தெருவிலும் ஆற்றிலும்தான் கலக்கும்.

கோபேயில் என்ன நடந்தது?

1995 ஜனவரி 17, அதிகாலை 5.46 மணி. ஜப்பானின் கோபே நகரை உலுக்கிய அந்த நிலநடுக்கத்தில் 6,400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நகரின் மிகப்பெரிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமான ஹிகாஷிநாடா, கடலோரத்தில் மண் கொட்டி உருவாக்கிய நிலத்தில், ஒரு கால்வாயை ஒட்டி இருந்தது. நிலம் குலுங்கியதும் அந்த மண் கூழாகி, கால்வாய் பக்கமாக நகர்ந்தது. கட்டடங்களைத் தாங்கிய அடித்தளத் தூண்கள் சேதமடைந்தன, குழாய்கள் முறிந்தன. நிலையம் செயலிழந்தது.

கழிவுநீர் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அதிகாரிகள் ஒரு வேலை செய்தார்கள். பக்கத்தில் இருந்த கால்வாயின் ஒரு பகுதியை மறித்து, அதையே தற்காலிகத் தொட்டியாக மாற்றினார்கள். கசடு அடியில் படியும். மேலே தெளிந்த நீரில் குளோரின் கலந்து கடலில் விட்டார்கள். இது முழுமையான சுத்திகரிப்பு கிடையாது. ஆனாலும் சுமார் 100 நாட்கள் ஊரைக் காப்பாற்றியது இதுதான்.

மண் எப்படி கூழாகும்?

கடற்கரையில் ஈர மணலை காலால் தட்டிக்கொண்டே இருந்தால் கொழகொழவென ஆகுமே, அதேதான். நீர் கோத்த மணல் குலுங்கும்போது தாங்கும் சக்தியை இழக்கிறது. கனமான கட்டடம் அதில் அமிழும். உள்ளே காலியாக இருக்கும் தொட்டியும் மேன்ஹோலும் படகு மாதிரி மேலே மிதந்து வரும்! 2004-ல் ஜப்பானின் நீகாட்டா பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேன்ஹோல்கள் இப்படி சாலைக்கு மேலே எழும்பின. 2011-ல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் மணலும் வண்டலும் பாதாள சாக்கடைக்குள் புகுந்து, சுத்திகரிப்பு நிலையம் வரை போய்ச் சேர்ந்தது.

சிக்கல் என்னவென்றால், கழிவுநீர் தானாக ஓடிவர வேண்டும் என்பதால் இந்த நிலையங்களை ஊரின் தாழ்வான இடத்தில், ஆறு அல்லது கடல் ஓரமாகத்தான் கட்டுவார்கள். அங்கேதான் மண்ணும் மோசம்.

அப்போ எப்படித் தயாராவது?

முதல் வேலை மண்ணை இறுக்குவது, அடித்தளத் தூண்களை ஆழமாக இறக்குவது. அடுத்து, குழாயும் சுவரும் சேரும் இடம். கட்டடம் ஒரு பக்கம், குழாய் ஒரு பக்கம் என ஆடும்போது முதலில் முறிவது அந்த இணைப்புதான். அதனால் அங்கே வளைந்து கொடுக்கும் இணைப்பு வைக்கிறார்கள். குளோரின் சிலிண்டர்கள் உருண்டு விஷவாயு கசியாமல் இருக்க, கட்டி வைப்பதும் முக்கியம். செலவு குறைவான வேலை, ஆனால் எளிதில் மறந்துபோகிற வேலை.

மின்சாரம் போனால்? 2011 மார்ச் 11 சுனாமியில் சின்னாபின்னமான செண்டாய் நகரின் மினாமி-காமோ நிலையம் இதற்கு நல்ல உதாரணம். நகரின் சுமார் 70 சதவீத கழிவுநீர் அங்கேதான் போகும். அது பம்ப் இல்லாமல் சரிவிலேயே ஓடிவரும்படி அமைத்திருந்ததால், கரண்ட் இல்லாதபோதும் கழிவுநீர் ஊருக்குள் தேங்கவில்லை. கசடைப் படியவைத்து, குளோரின் கலந்து வெளியேற்ற முடிந்தது.

கோபே இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரே நிலையத்தை நம்பி இருந்ததுதான் தப்பு என்று, நகரின் சுத்திகரிப்பு நிலையங்களை நிலத்துக்கு அடியில் பெரிய குழாய்களால் ஒன்றோடு ஒன்று இணைத்தது. சுமார் 33 கி.மீ நீளமுள்ள இந்த வலையமைப்பு முடிந்தது 2011-ல். ஒரு நிலையம் படுத்தால், அதற்கு வரும் கழிவுநீரை இன்னொன்றுக்குத் திருப்பலாம். நிலநடுக்கம் வராத நாளிலும் இதற்கு வேலை உண்டு: பழைய நிலையத்தை ரிப்பேர் செய்ய வேண்டுமானால், கழிவுநீரை அடுத்த நிலையத்துக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கலாம்.