பாரிசவாயுவும் கடிகாரமும்

பாரிசவாயு கண்டால் விதியை நொந்துகொண்டு தைலத்தைத் தேடுவது நம்மவர் வழக்கம். வெகு காலம் வரையில் மேனாட்டு வைத்தியர்களும் பணிவிடைக்கு மேல் அதிகமாய் ஒன்றும் செய்ய முடியாமல்தான் இருந்தார்கள். அந்த நிலைமையை மாற்றியது, 1995-ம் வருஷத்தில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி.

இந்நோய் பெரும்பாலும் மூளையின் இரத்தக் குழாயை ஓர் இரத்தக் கட்டி அடைத்துக்கொள்வதால் நேருவது. கட்டியைக் கரைக்கும் மருந்தை, நோய் கண்ட 3 மணி நேரத்துக்குள், 624 நோயாளிகளில் பாதிப் பேருக்குச் செலுத்தினார்கள். மறு பாதிக்கு மருந்தில்லாத வெறுந்திரவம். யாருக்கு எது என்பது வைத்தியருக்கும் தெரியாது. மூன்று மாதம் சென்று பார்க்கையில், ஊனம் அநேகமாய் இன்றித் தேறும் வாய்ப்பு மருந்து பெற்றவர்களுக்கு நூற்றுக்கு 30 பங்காவது அதிகமாயிருந்தது.

ஆனால் அபாயமும் உண்டு. மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மூளையில் இரத்தம் கசிந்தது. மற்றவர்களில் ஒருவருக்கும் குறைவு. ஆகையால்தான் முதலில் ஸ்கான் படம் எடுத்து, குழாய் அடைத்ததா, வெடித்ததா என்று நிச்சயித்துக்கொள்கிறார்கள்.

2008-ல் ஓர் ஐரோப்பிய ஆராய்ச்சி இந்தக் கெடுவை நாலரை மணியாக நீட்டிற்று. 2015-ல் வெளியான ஐந்து ஆராய்ச்சிகள், பெரிய குழாய் அடைத்தால் கட்டியைக் கருவியால் இழுத்தெடுப்பது நற்பலன் தரும் என்று காட்டின. எனினும் தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறைகிறது.

ஆகவே, வீட்டில் ஒருவருக்கு வாய் கோணினாலும், ஒரு கை சோர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும், முதலில் மணியைப் பாருங்கள். "விடியட்டும்" என்று காத்திராமல், ஸ்கான் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். வைத்தியர் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை மணிக்கு?" என்பதுதான்.