எத்தெல் லாரன்ஸ் குடியிருப்பு

எத்தெல் லாரன்ஸ் குடியிருப்பு என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மவுண்ட் லாரல் நகரியத்தில் அமைந்துள்ள குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வாடகைக் குடியிருப்பு ஆகும். 140 வீடுகளைக் கொண்ட இக்குடியிருப்பில் முதல் குடும்பங்கள் 2000 ஆம் ஆண்டில் குடியேறின. அளவில் சிறியதான இது இரு காரணங்களால் பரவலாக அறியப்படுகின்றது. முதலாவது, இது கட்டப்படுவதற்கு முன் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்த இழுபறி. அதிலிருந்து பிறந்த நீதிமன்றத் தீர்ப்புகள் "மவுண்ட் லாரல் கோட்பாடு" என்ற பெயரில் சட்ட மாணவர்களால் இன்றும் படிக்கப்படுகின்றன. இரண்டாவது, அருகில் வாழ்ந்தோர் முன்கூட்டியே வெளியிட்ட அச்சங்கள் பின்னாளில் மெய்யாயினவா என்பது முறையாக ஆராயப்பட்ட மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று.

பின்னணி

மவுண்ட் லாரல் பர்லிங்டன் மாவட்டத்தில் 22 சதுர மைல் பரப்பில் விரிந்துள்ள நகரியம். கேம்டன் நகர எல்லையில் இருந்து ஏறத்தாழ 7 மைல் தொலைவில் உள்ளது. டெலவேர் ஆற்றைக் கடந்தால் பிலடெல்பியா. நெடுங்காலம் பண்ணை நிலமாகவே இருந்த இவ்வூரின் மக்கள்தொகை 1950 இல் 2,817 மட்டுமே. விரைவு நெடுஞ்சாலைகள் வந்தபின் புறநகர் வீடுகள் பெருகி, 1970 இல் அது 11,221 ஆக உயர்ந்தது. (பெண்கள் வாக்குரிமைப் போராளி ஆலிஸ் பால் 1885 இல் பிறந்த பண்ணை வீடும் இவ்வூரிலேயே உள்ளது.)

இவ்வூரில் குவேக்கர் சமயத்தாரும், அடிமை முறைக் காலத்திலிருந்தே கறுப்பினக் குடும்பங்களும் வாழ்ந்து வந்தனர். பண்ணைத் தொழில் சுருங்கியபோது கறுப்பினத்தவர் பலர் ஸ்பிரிங்வில் என்னும் பகுதியில் பழுதடைந்த வீடுகளில் தங்கினர். கோழிக்கூடங்களாக இருந்தவற்றைத் திருத்தி வீடாக்கிக்கொண்டவர்களும் உண்டு. நகரிய நிருவாகம் இத்தகைய வீடுகளை வசிக்கத் தகுதியற்றவை என அறிவித்து மூடிவந்ததே அன்றி, மாற்று வீடுகளுக்கு வழி செய்யவில்லை. வெளியேறியவர்கள் கேம்டன் போன்ற நகரங்களின் நெரிசல் மிகுந்த பகுதிகளுக்குச் செல்ல நேர்ந்தது.

பல தலைமுறைகளாக இவ்வூரில் வாழ்ந்த குடும்பத்தைச் சேர்ந்த எத்தெல் லாரன்சும் அவருடைய அயலவரும் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஸ்பிரிங்வில்லில் 36 அடுக்கக வீடுகள் கட்டத் திட்டமிட்டனர். அடுக்கக வீடுகளுக்கு நகரியத்தின் நில விதிகளில் இடம் இல்லாததால் விதியில் மாற்றம் தேவைப்பட்டது, அது மறுக்கப்பட்டது. 1970 ஆம் ஆண்டு அக்டோபரில், கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் கூடியிருந்தோரிடமே, இவ்வூரில் வாழ வசதியில்லாதவர்கள் வெளியேறத்தான் வேண்டும் என்ற பொருள்பட நகரியத் தலைவர் பேசினார். வழக்கின் தொடக்கம் இதுவே எனலாம்.

வலயமாக்கமும் சொத்து வரியும்

ஓர் ஊரின் நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து, எப்பகுதியில் எத்தகைய கட்டடம், எவ்வளவு பெரிய மனையில் எழும்பலாம் என வரையறுப்பது வலயமாக்கம் எனப்படும். அமெரிக்காவில் இவ்வதிகாரம் பெரும்பாலும் உள்ளூர் அவைகளிடம் உள்ளது. 1926 இல் யூக்ளிட் என்னும் ஊர் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதனை ஏற்றுக்கொண்டது. தனி வீடுகள் உள்ள பகுதியில் எழும் அடுக்ககத்தை அத்தீர்ப்பு ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டது குறிப்பிடத்தக்கது. பின்னாளைய எதிர்ப்புகள் பலவற்றின் சாயலை அங்கேயே காணலாம்.

நியூ ஜெர்சியில் பள்ளிச் செலவின் பெரும்பகுதி உள்ளூர்ச் சொத்து வரியில் இருந்து வருகின்றது. எனவே ஒரு நகரியத்தின் கணக்குப் பார்வையில், தொழிற்சாலை வரி கொடுக்கும், பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பாது. சிறிய வீடு குறைந்த வரி கொடுக்கும், பிள்ளைகளை அனுப்பும். முன்னதை வரவேற்று பின்னதைத் தவிர்க்குமாறு விதிகள் அமைவதற்கு இனவெறுப்பு கட்டாயம் வேண்டும் என்பதில்லை. வரவு செலவுக் கணக்கே போதும். எனினும் விளைவு ஒன்றே.

மவுண்ட் லாரல் விதிகள் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. நகரியத்தின் 29.2 விழுக்காட்டு நிலம், அதாவது 4,121 ஏக்கர், தொழிலகங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் ஏறத்தாழ 100 ஏக்கர் மட்டுமே பயன்பாட்டுக்கு வந்திருந்தது. எஞ்சியதில் பெரும்பகுதியில் தனி வீடுகளுக்கு மட்டுமே இசைவு. ஒரு வலயத்தில் ஒரு வீட்டுக்குக் குறைந்தது 20,000 சதுர அடி மனை தேவை. சிறப்பு ஒப்புதலுடன் அடுக்ககங்கள் அனுமதிக்கப்பட்ட சில திட்டங்களிலும், ஒரு படுக்கையறை வீட்டில் பள்ளி வயதுப் பிள்ளை இருக்கக்கூடாது, இரு படுக்கையறை வீட்டில் இரு பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும் என நிபந்தனை இடப்பட்டது. சராசரியாக ஒரு வீட்டுக்கு 0.3 பிள்ளைக்கு மேல் பள்ளியில் சேர்ந்தால், மிகுதியான பிள்ளைகளின் படிப்புச் செலவைக் கட்டடம் கட்டியவரே ஏற்க வேண்டும். மையக் குளிரூட்டி போன்ற வசதிகளும் கட்டாயமாக்கப்பட்டிருந்ததால் வாடகை தானாகவே உயர்ந்தது.

வழக்கு

1971 இல் எத்தெல் லாரன்சும், கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் தெற்கு பர்லிங்டன் கிளையும், பிறரும் வழக்குத் தொடுத்தனர். கேம்டன் வட்டாரச் சட்ட உதவி நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் ஓ'கானர், கார்ல் பிஸ்கையர், கென்னத் மைசர் ஆகியோர் வழக்கை நடத்தினர். மார்ச் 24, 1975 அன்று நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி பிரெடரிக் ஹால் எழுதிய அத்தீர்ப்பின்படி, நில அதிகாரம் பொதுநலத்துக்காகவே பயன்படுத்தப்பட வேண்டும். பொதுநலம் என்பது ஊரெல்லைக்குள் வாழ்வோரின் நலம் மட்டும் அன்று. வளரும் ஒவ்வொரு நகரியமும் தன் வட்டாரத்துக்குத் தேவையான குறைந்த விலை வீடுகளில் நியாயமான பங்குக்கு இடம் தர வேண்டும்.

இத்தீர்ப்பு மாநில அரசியலமைப்பை அடிப்படையாகக் கொண்டது என்பது முக்கியமானது. 1977 இல் இல்லினாய் மாநிலத்தின் ஆர்லிங்டன் ஹைட்ஸ் வழக்கில், பாகுபாடு செய்யும் நோக்கம் இருந்ததாக மெய்ப்பித்தால் அன்றி ஊர் விதியைக் கூட்டரசின் அரசியலமைப்பின் கீழ்த் தள்ளுபடி செய்ய இயலாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. நோக்கத்தை மெய்ப்பிப்பது எளிதன்று. நியூ ஜெர்சி நீதிமன்றமோ நோக்கத்தை விடுத்து விளைவைப் பார்த்தது.

தீர்ப்பு வந்தும் வீடு வரவில்லை. மவுண்ட் லாரல் தன் நிலத்தில் ஏறத்தாழ 20 ஏக்கரை மட்டும், அதாவது நூற்றுக்குக் கால் பங்குக்கும் குறைவான பரப்பை, மூன்று துண்டுகளாக ஒதுக்கியது. 1983 இல் தலைமை நீதிபதி ராபர்ட் விலென்ட்ஸ் எழுதிய இரண்டாம் தீர்ப்பு இப்போக்கைக் கடுமையாகச் சாடியது. விதிகளை எதிர்த்து வழக்காடி வெல்லும் கட்டுமான நிறுவனம், குறிப்பிட்ட பங்கு வீடுகளைக் (பொதுவாக 20 விழுக்காடு) குறைந்த விலையில் தர ஒப்புக்கொண்டால், நெருக்கமாகக் கட்டலாம் என அது வழிவகுத்தது. சந்தை விலையில் விற்கும் நான்கு வீடுகளின் வருவாய் ஐந்தாவது வீட்டைத் தாங்கும் என்பதே இதன் கணக்கு. ஊர் அவைகள் நீதிமன்றத்தைக் காட்டிலும் கட்டுமான நிறுவனங்களுக்கே கூடுதலாக அஞ்சத் தொடங்கின.

அருகில் வாழ்ந்தோரின் அச்சங்கள்

மவுண்ட் லாரல் 1985 இல் உடன்பாட்டுக்கு வந்தது. எனினும் இலாப நோக்கற்ற நிறுவனம் ஒன்று 140 வீடுகளுக்கான திட்டத்தை ஊரின் திட்டக் குழு முன் வைத்தபோது 1997 ஆம் ஆண்டு பிறந்துவிட்டது. பொது விசாரணைகளில் மக்கள் திரளாகக் கூடினர். உள்ளூர் இதழ்களுக்கு மடல்கள் குவிந்தன.

அவற்றில் மீண்டும் மீண்டும் எழுந்தவை சில: குற்றங்களும் போதைப்பொருளும் பெருகும், வீட்டு விலை சரியும், பள்ளிகளில் இடம் போதாது, அதனால் வரி உயரும், சாலைகளில் நெரிசல் மிகும். வேறு சில வாதங்கள் சற்று நுட்பமானவை. குறைந்த வருமானக் குடும்பங்களை ஒரே வளாகத்தில் சேர்ப்பது நகரச் சேரியைப் புறநகரில் மீண்டும் உருவாக்குவது ஆகாதா என்று வினவப்பட்டது. வாடகை வீடுகளுக்குப் பதிலாகச் சொந்த வீடுகளாகக் கட்டினால் குடியிருப்போர் அக்கறையுடன் பேணுவர் என்றும் சொல்லப்பட்டது. வாடகை வீடு என்ற முடிவுக்குக் காரணம் நிதி. 1986 இல் உருவான கூட்டரசின் வரிச்சலுகைத் திட்டம், வாடகை வீடுகளில் முதலிடுவோருக்கே பத்தாண்டுகளுக்கு வரிக்கழிவு தருகின்றது. அன்றியும் மிகக் குறைந்த வருமானம் உடையோரிடம் வீடு வாங்குவதற்கான முன்பணம் இருப்பதில்லை.

இத்தகைய எதிர்ப்பு ஆங்கிலத்தில் "என் கொல்லைப்புறத்தில் வேண்டாம்" என்னும் பொருளுடைய சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து "நிம்பி" எனக் கேலியாக அழைக்கப்படுகின்றது. கேலி ஒருபுறம் இருக்க, நடுத்தரக் குடும்பம் ஒன்றின் சேமிப்பில் பெரும்பகுதி அதன் வீட்டிலேயே முடங்கியிருக்கும் நாட்டில், வீட்டு விலை பற்றிய கவலை வெறும் சாக்கு அன்று. அதே வேளை, அக்கூட்டங்களில் இனப்பகை வெளிப்படையாகவே ஒலித்த பேச்சுகளும் இருந்தன. எது கவலை, எது வெறுப்பு என்று பிரித்தறிவது அரங்கில் இருந்தவர்களுக்கே கடினமாக இருந்திருக்கும். 1997 ஏப்ரலில் திட்டக் குழு ஒப்புதல் வழங்கியது.

முதல் 100 வீடுகள் 2000 ஆம் ஆண்டிலும் எஞ்சிய 40 வீடுகள் 2004 ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. 62 ஏக்கர் நிலத்தில், அருகிலுள்ள வீடுகளை ஒத்த தோற்றமுடைய இரு மாடி வீடுகளாக இவை கட்டப்பட்டன. வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் 10 முதல் 80 விழுக்காடு வரை ஈட்டுவோர் குடியேறத் தக்கவர்கள். எத்தெல் லாரன்ஸ் இதனைக் காணவில்லை. அவர் 1994 இல் காலமானார். அவருடைய மகள் பின்னர் நிருவாகப் பணியில் இணைந்தார்.

அச்சங்கள் மெய்யாயினவா?

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டக்ளஸ் மாசியும் அவருடைய குழுவினரும் இவ்வினாவை ஆராய்ந்து 2013 இல் "கிளைம்பிங் மவுண்ட் லாரல்" என்னும் நூலை வெளியிட்டனர். குடியிருப்பு திறக்கப்பட்டபின் மவுண்ட் லாரலில் குற்றம் உயர்ந்ததா என்று மட்டும் பார்ப்பது போதாது. எங்கும் உயர்ந்திருந்தால் குடியிருப்பைக் குறை கூற இயலாது. ஆகவே இத்தகைய குடியிருப்பு கட்டப்படாத, மற்ற வகைகளில் ஒத்த அண்டை நகரியங்களின் போக்கு ஒப்பிடப்பட்டது. குற்ற வீதம், வீட்டு விலை, வரி ஆகிய மூன்றிலும் குடியிருப்பால் விளைந்ததாகக் கூறத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. வளாகத்தை ஒட்டிய தெருக்களின் வீட்டு விலையும் தனியே பார்க்கப்பட்டது, முடிவு அதுவே. அயலவரிடம் நடத்திய கணக்கெடுப்பில், பக்கத்தில் குறைந்த வருமானக் குடியிருப்பு ஒன்று இருப்பதையே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அறிந்திருக்கவில்லை.

குடியேறியவர்களின் வாழ்வு மாறியதா என்பது ஆய்வின் மறுபாதி. இதற்கு ஒப்பீடாக எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள், விண்ணப்பித்தும் இன்னும் வீடு கிடைக்காதவர்கள். முயற்சியுடையோர் மட்டுமே விண்ணப்பித்திருக்கலாம் என்ற ஐயம் இரு தரப்புக்கும் பொதுவாவதால் ஒப்பீடு ஓரளவு நேர்மையாகின்றது. குடியேறியோர் வன்முறையையும் ஒழுங்கீனத்தையும் குறைவாகவே எதிர்கொண்டனர். வேலைவாய்ப்பிலும் வருவாயிலும் முன்னேறியிருந்தனர். பிள்ளைகள் தரமான பள்ளிகளில் சேர்ந்து, வீட்டில் படிப்பதற்கு அதிக நேரம் செலவிட்டனர்.

இம்முடிவுகளை எல்லா இடத்துக்கும் பொருத்துவதில் எச்சரிக்கை தேவை. 2000 இல் 40,000க்கு மேற்பட்டோர் வாழ்ந்த நகரியத்தில் 140 வீடுகள் என்பது மொத்த வீடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. விண்ணப்பதாரர்கள் கவனமாகச் சரிபார்க்கப்பட்டனர். பராமரிப்பும் சிறப்பாக இருந்தது. பெரிய அளவிலோ, பராமரிப்பின்றியோ கட்டப்படும் குடியிருப்புக்கு இதுவே சான்று ஆகாது.

பின்னாளைய மாற்றங்கள்

1985 இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம், ஒவ்வொரு நகரியத்தின் பங்கையும் கணக்கிடும் பொறுப்பைக் குறைந்த விலை வீட்டு மன்றம் என்னும் அமைப்பிடம் தந்தது. அச்சட்டத்தில் ஒரு பின்வாசலும் இருந்தது: ஒரு நகரியம் பணம் கொடுத்துத் தன் பங்கில் பாதி வரையிலான வீடுகளை வேறோர் ஊருக்கு மாற்றிவிடலாம். வசதியான புறநகர்கள் பல இவ்வாறே தம் கடமையை வறிய நகரங்களுக்கு அனுப்பின. 2008 இல் இம்முறை ஒழிக்கப்பட்டது. மன்றம் புதிய விதிகளை வகுக்கத் தவறியதால் 2015 இல் மாநில உச்ச நீதிமன்றம் அப்பொறுப்பை மீண்டும் நீதிமன்றங்களிடமே ஒப்படைத்தது. மார்ச் 2024 இல் ஆளுநர் பில் மர்பி கையெழுத்திட்ட சட்டம் அம்மன்றத்தைக் கலைத்து, 2025 முதல் 2035 வரையிலான பத்தாண்டுகளுக்கு ஒவ்வொரு நகரியத்தின் பங்கையும் கணக்கிடும் முறையைச் சட்டத்திலேயே வகுத்தது.