பசு மிதித்த சேறும் பாதாள எண்ணெயும்!

கடற்கரைக்குப் போனால் மணலில் பள்ளம் தோண்டாமல் வருவீர்களா, குட்டி நண்பர்களே? ஒரு முழம் தோண்டியதும் தண்ணீர் ஊறும். அதற்கு மேல் தோண்டத் தோண்ட, பக்கச் சுவர் சரிந்து பள்ளம் மூடிக் கொள்ளும். எவ்வளவு கோபம் வரும்!

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், டைட்டஸ்வில் என்ற ஊரில் எண்ணெய் தேடிய எட்வின் டிரேக்குக்கும் இதே தொல்லைதான். துளைக்குள் மண் சரிந்தது, தண்ணீர் புகுந்தது. அவர் ஒரு யோசனை செய்தார். இரும்புக் குழாயைப் பாறை வரை அடித்து இறக்கி, அந்தக் குழாய்க்குள்ளேயே துளை போட்டார். 1859ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், சுமார் 69 அடியில் எண்ணெய் கிடைத்தது. நம் ஊரில் போர் போடும்போது கேசிங் பைப் இறக்குவதைப் பார்த்திருப்பீர்களே... அதே வித்தைதான்!

சரி, 69 அடி என்றால் குழாய் போதும். ஆயிரக்கணக்கான அடி என்றால்?

டெக்சாஸ் மாநிலத்தில் ஸ்பிண்டில்டாப் என்று ஒரு மேடு. அங்கே துளை போட்டவர்களுக்கு மணல் அடுக்கு பெரும் தலைவலியாக இருந்தது. வெறும் தண்ணீரை உள்ளே அனுப்பினால் சுவர் நிற்கவில்லை. அப்போது ஒரு குட்டையில் மாடுகளை ஓட்டி, நன்றாக மிதிக்க விட்டு, அந்தச் சேற்றைத் துளைக்குள் அனுப்பினார்களாம். சுவரில் சேறு பூசிக் கொண்டது, சரிவு நின்றது!

ஆனால், 1901ம் ஆண்டு ஜனவரி 10ம் தேதி அங்கே நடந்ததைக் கேளுங்கள். துளையிலிருந்து சேறு கொப்பளித்தது. அடுத்து, உள்ளே இருந்த இரும்புக் குழாய்கள் வானத்தில் பறந்தன. பின்னர் எண்ணெய், 150 அடி உயரத்துக்கும் மேல் பீச்சி அடித்தது. அடக்க ஒன்பது நாட்கள் ஆயின. அன்று அதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. இன்று அப்படி நடந்தால் அதற்குப் பெயர் விபத்து!

ஏன் பீறிட்டது தெரியுமா? கிணற்றில் முங்கி அடி வரை போயிருக்கிறீர்களா? காது வலிக்கும். மேலே உள்ள தண்ணீரின் எடை அழுத்துவதுதான் காரணம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும், காற்று நம்மை அழுத்தும் அளவு அழுத்தம் கூடும். 3,000 மீட்டர் ஆழத் துளையில் தண்ணீரை நிரப்பினால், அடியில் 300 மடங்கு அழுத்தம். ஆனால், பாறைக்குள் அடைபட்ட வாயு 400 மடங்கு அழுத்தினால்? தண்ணீர் தோற்று விடும். வாயு மேலே பாயும்.

அதனால்தான் எடை கூடிய சேறு தேவை. இன்று களிமண், ரசாயனங்களோடு பேரைட் என்ற கனமான தாதுவையும் பொடி செய்து கலக்கிறார்கள். ஆந்திராவில் கடப்பா பக்கம் மங்கம்பேட்டையில் இது ஏராளமாகக் கிடைக்கிறது.

'ரொம்பக் கனமாகவே கலந்து விட்டால் என்ன?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! சேறு அளவுக்கு மீறிக் கனத்தால் பாறையே விரிசல் விட்டு, சேறு அதற்குள் ஓடி விடும். மேலே உள்ள பாறை பலவீனமானது. ஆழத்துக்குத்தான் கனமான சேறு வேண்டும். என்ன செய்வது? கொஞ்ச தூரம் துளைத்ததும் நிறுத்தி, எஃகுக் குழாய் இறக்கி, மேல் பாறையை மூடி விட வேண்டும். பிறகு சேற்றின் எடையைக் கூட்டி, அடுத்த பகுதியைத் துளைக்க வேண்டும். புதுக் குழாய், பழைய குழாய்க்குள் நுழைந்துதானே போக வேண்டும்? அதனால், ஆழம் போகப் போகக் கிணறு ஒடுங்கிக் கொண்டே வரும். முதல் குழாய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. நாம் குடிக்கும் நிலத்தடி நீரில் எண்ணெய் கலக்காமல் காப்பது!

குழாய்க்கும் பாறைக்கும் நடுவே உள்ள சந்தை சிமென்ட் அடைக்கிறது. மேலிருந்து ஊற்றுவதில்லை. குழாய்க்குள் சிமென்ட் பாலை இறக்குவார்கள். அது அடியில் திரும்பி, வெளிப்பக்கமாக மேலே ஏறி இறுகும்.

அந்தச் சிமென்ட் சரியாக இறுகவில்லை என்றால்...

2010ம் ஆண்டு ஏப்ரல் 20ம் தேதி. மெக்சிகோ வளைகுடாவில், 'டீப்வாட்டர் ஹொரைசன்' என்ற மிதக்கும் மேடை. கீழே, சுமார் 5,000 அடி தண்ணீர். அதற்கும் கீழே மக்கோண்டோ கிணறு. வேலை முடிந்து புறப்படும் நேரம். ஒரு சோதனை செய்தார்கள். கனமான சேற்றின் ஒரு பகுதியை எடுத்து விட்டு, கடல் நீரை விட்டார்கள். அழுத்தம் குறைந்தாலும் கிணறு அமைதியாக இருந்தால் சிமென்ட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

அளவுமானி ஒன்று, 'உள்ளே அழுத்தம் இருக்கிறது' என்று காட்டியது. இன்னொரு குழாயில் எதுவும் வரவில்லை. முதல் மானி காட்டியதற்கு ஏதோ ஒரு காரணம் சொல்லிக் கொண்டு, சோதனை வெற்றி என்று முடிவு செய்து விட்டனர். மீதிச் சேற்றையும் அகற்றத் தொடங்கினர். அன்றிரவே வாயு மேலே வந்து வெடித்தது. மேடையில் இருந்த 126 பேரில் 11 பேர் இறந்தனர்.

இப்படிப்பட்ட நேரத்தில் கிணற்றை மூட, வாயிலில் ராட்சத வால்வு அடுக்கு ஒன்று இருக்கும். 1922ல் அமெரிக்கர்கள் இருவர் உருவாக்கிய யோசனை அது. கடைசி நொடியில் குழாயையே வெட்டி அடைக்கும் கத்திகளும் அதில் உண்டு. அன்று குழாய் வளைந்து விலகி இருந்ததால், கத்திகளால் சரியாக வெட்ட முடியவில்லை. 87 நாட்கள் எண்ணெய் கடலில் கொட்டியது. ஜூலை 15ம் தேதி, மேலே புதிய மூடி பொருத்தித்தான் நிறுத்தினர்.

அதோடும் விடவில்லை. கிணற்றை அடியிலிருந்தே அடைக்க, பக்கத்தில் இன்னொரு கிணறு தோண்டினார்கள். கடல் தரைக்குக் கீழே ஏறக்குறைய 4 கிலோ மீட்டர் ஆழத்தில், சுமார் ஒரு சாண் அகலத் துளையைக் கண்டுபிடித்துத் தொட வேண்டும். பழைய கிணற்றின் இரும்பு வெளியிடும் காந்தப் புலத்தை அளந்து அளந்து, வழி தேடிப் போனார்கள். செப்டம்பரில் தொட்டும் விட்டார்கள். உள்ளே சிமென்ட் செலுத்தினர். 19ம் தேதி மக்கோண்டோ நிரந்தரமாக மூடப்பட்டது.