காணும் கண்ணும் கருதும் மனமும்

மதுரை மாநகரைச் சூழ்ந்த சமவெளியில் ஆங்காங்கே குன்றுகள் சில எழுந்து நிற்கின்றன. வடகிழக்கில் ஒத்தக்கடையை அடுத்திருப்பது யானைமலை. மேற்கே நீண்டு கிடப்பது நாகமலை. தென்மேற்கில் திருப்பரங்குன்றம் செல்லும் வழியில் உள்ளது பசுமலை. மதுரையை அழிக்க வந்த யானையும் நாகமும் மாயப் பசுவும் இறைவன் திருவிளையாடலால் மலைகளாயின என்று திருவிளையாடற் புராணம் இவற்றிற்குக் கதை கூறுகின்றது.

மேலூர்ச் சாலையில் செல்வோர் யானைமலையை நோக்குவராயின், துதிக்கையை முன்னே நீட்டிப் படுத்திருக்கும் பெரியதோர் யானையையே காண்பர். அம்மலையின் அடிவாரத்தில் கி.பி. 770ஆம் ஆண்டுக் கல்வெட்டினை உடைய நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயில் இருக்கின்றது. அதனருகே நின்று அண்ணாந்து பாருங்கள். யானையைக் காணோம்! வெயிலில் காய்ந்த வெறும் பாறையே எதிரில் நிற்கும். சாலையில் கண்ட யானை எங்கே போயிற்று?

பாறை தந்தது சில வளைவுகளை மட்டுமே. முதுகையும் தலையையும் துதிக்கையையும் அமைத்துக்கொண்டது, கோயில் யானையைப் பலகாலும் கண்டு பழகிய நம் மனமே. யானையைக் கண்டறியாத நாட்டினன் ஒருவனுக்கு அம்மலை வேறொன்றாகத் தோன்றக்கூடும். ஆயினும், “இஃது யானை” என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அதன்பின் அவனும் யானையைக் காணாமல் இருத்தல் அரிது.

பொருளின் மீது பட்டு வரும் ஒளி, கண்ணினுள்ளே உள்ள வில்லையின் வழியாகச் சென்று, பின்புறத்துள்ள விழித்திரையில் தலைகீழான சிறு உருவத்தை அமைக்கின்றது. ஏறத்தாழ 10 லட்சம் நரம்பிழைகள் சேர்ந்த பார்வை நரம்பு அச்செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்கின்றது. நாம் காண்பது மூளையிலேதான் நிறைவு பெறுகின்றது. அந்நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் உறுப்புகள் இல்லை. அவ்விடத்தைக் குருட்டுப் புள்ளி என்பர். 17ஆம் நூற்றாண்டில் மாரியாட் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதனைக் கண்டறிந்தார்.

நீங்களும் இதனை அறியலாம். ஒரு வெள்ளைத் தாளில் இடப்புறம் ஒரு கூட்டல் குறியும், அதற்கு மூன்று அங்குலம் வலப்புறம் ஒரு கரும்புள்ளியும் இடுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் கூட்டல் குறியையே நோக்கியவாறு, தாளை மெல்ல முகத்தருகே கொண்டுவாருங்கள். ஏறத்தாழ ஓர் அடித் தொலைவில் கரும்புள்ளி மறைந்துவிடும். மறைந்த இடத்தில் ஓட்டை எதுவும் தெரியாது. வெள்ளைத் தாளே தெரியும். அங்கே வெண்மையை இட்டு நிரப்பியது யார்? இந்தக் குறையுடன்தான் நாம் நாள்தோறும் தெருவில் நடக்கின்றோம்; ஒரு நாளேனும் அதனை உணர்ந்ததில்லை.

சித்திரை வெயிலில் தார்ச் சாலையில் தோன்றும் கானல் நீரும் இத்தகையதே. முன்னோர் அதனைப் பேய்த்தேர் என்றும் வழங்கினர். சூடேறிய தரையை ஒட்டிய காற்றின் அடர்த்தி குறைவதால், வானத்திலிருந்து வரும் ஒளி வளைந்து மேலெழுந்து நம் கண்ணை அடைகின்றது. ஒளி நேர்கோட்டில் வரும் என்றே பழகிய மனம், தரையில் தெரியும் வானத்தின் ஒளியை நீர் என்று கொள்கின்றது.

கண்ணே மாறிப்போனால் உலகம் என்னவாகும்? இதனை அறிந்தவர்கள் மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பலர் உளர். மருத்துவர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், 1976ஆம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களைக் கொண்டே அவர் தம் வாழ்நாளில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அவற்றுள் பெரும்பாலானவை கண்புரைக்குச் செய்யப்பட்டவை.

முதுமையில் கண்ணின் வில்லை பழுப்பேறி மங்குவதே கண்புரை. அது மெல்ல மெல்ல வருவதால், நோயுற்றவர் உலகின் நிறம் மாறியதை உணர்வதில்லை. வெள்ளை வேட்டி அவருக்கு வெள்ளை வேட்டியாகவே தோன்றும். மனம் நாள்தோறும் கணக்கைச் சரிசெய்து கொண்டே வருகின்றது. ஒரு கண்ணில் மட்டும் புரை நீக்கப்பட்ட பின்னர்க் கண்களை மாறி மாறி மூடிப் பார்த்தால்தான் உண்மை வெளிப்படும். அதே வேட்டி ஒரு கண்ணுக்கு நீலம் பாய்ந்த வெண்மையாகவும், மற்றொரு கண்ணுக்கு மஞ்சளாகவும் தெரியும். சில மாதங்களில் அந்நீலச் சாயலும் மறைந்து, மீண்டும் வெறும் வெண்மையே நிற்கும். பிரெஞ்சு ஓவியர் மோனே 1923இல் இத்தகைய அறுவை செய்துகொண்டார். அதற்கு முன்பு அவர் தீட்டிய ஓவியங்களில் செம்மையும் பழுப்பும் மிகுந்திருந்தமைக்குப் புரையே காரணம் என்பர்.

முற்காலத்தில் புரை கொண்ட வில்லையை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாகத் தடித்த மூக்குக் கண்ணாடியைக் கொடுத்தனர். அதன் வழியே பார்த்தால் பொருள்கள் ஏறத்தாழக் கால் பங்கு பெரியனவாகவும், அருகில் இருப்பனவாகவும் தோன்றும். செம்பிலிருந்து தம்ளரில் நீர் வார்த்தால் வெளியே சிந்தும். வாயிற்படியில் வைத்த கால் தடுமாறும். சில வாரங்கள் சென்றபின் இத்தடுமாற்றம் நின்றுவிடும். அப்பார்வையைத் திருத்தியது கண்ணாடியன்று. வார்த்து வார்த்துச் சிந்திய கையும், நடந்து நடந்து தடுக்கிய காலுமே. இன்று கண்ணினுள்ளேயே செயற்கை வில்லையைப் பொருத்துகின்றனர். அரவிந்த் நிறுவனத்தின் ஆரோலேப் என்னும் தொழிற்கூடம் 1992 முதல் மதுரையில் அவ்வில்லைகளைச் செய்து குறைந்த விலையில் தருகின்றது.

முதியோர் இழந்த பார்வையை மீண்டும் பெறுகின்றனர். பிறவியிலேயே புரையுடன் பிறந்து, எதனையும் தெளிவாகக் கண்டறியாத பிள்ளைக்குப் பார்வை வந்தால் என்ன நிகழும்? உருண்டையையும் கனசதுரத்தையும் தடவி அறிந்த குருடன், பார்வை பெற்றவுடன் அவற்றைத் தொடாமலே பிரித்தறிவானோ என்று 1688ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டு மாலினோ என்பவர் தத்துவ அறிஞர் லாக்குக்கு எழுதிக் கேட்டார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் இதனைப் பற்றி வாதிட்டனர். பவன் சின்ஹா என்னும் அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் தில்லியில் பார்வை பெற்ற, 8 முதல் 17 வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகளைச் சோதித்து 2011இல் விடை கூறினர். கையால் தடவிய பொருளைக் கண்ணால் பார்த்து உடனே இனங்காண அப்பிள்ளைகளால் இயலவில்லை. ஆயினும் சில நாள்களிலேயே அத்திறன் வளர்ந்தது. ஏட்டில் வாதிட்டுத் தீராத வழக்கு, மருத்துவமனையில் தீர்ந்தது கண்டு எனக்கு வியப்பில்லை, மகிழ்ச்சியே உண்டு.

மனம் பழக்கத்தால் மட்டுமன்றிப் பிறர் சொல்லாலும் காட்சியை மாற்றிக்கொள்ளும். இதனை மதுரையிலேயே நிகழ்ந்ததாக இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் காட்டுகின்றார். கோப்பெருந்தேவியின் ஊடலைத் தணிக்கச் சென்றுகொண்டிருந்த பாண்டியன் நெடுஞ்செழியனிடம், சிலம்பு திருடிய கள்வன் அகப்பட்டான் என்று பொற்கொல்லன் கூறினான். மன்னன் ஆராயாமல் ஆணையிட்டான். காவலர் சென்று கோவலனைக் கண்டபொழுது, இவன் முகத்தில் கள்வனுக்குரிய குறி ஒன்றும் இல்லையே என்று தயங்கினர். பொற்கொல்லன் நகைத்தான். கள்வர் கையாளும் மந்திரம், மருந்து முதலிய எட்டு வழிகளையும் அவன் விரித்துரைத்தான். கோவலன் முகம் சிறிதும் மாறவில்லை. ஆனால் கேட்டவர் கண்ணுக்கு அது கள்வன் முகமாயிற்று. காவலருள் கல்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசினான்.

பின்னர், தன் தேவியின் சிலம்பில் உள்ள பரல் முத்து என்று மன்னனே அவையில் கூறினான். கண்ணகி தன் சிலம்பை உடைத்தாள், தெறித்தது மாணிக்கம். அச்சோதனையைக் கோவலன் உயிரோடிருந்தபொழுது செய்து பார்த்தார் ஒருவரும் இலர்.