பிளாட் நம்பர் 47-ல் ஒரு சமாதி!

தாம்பரம் தாண்டி செங்கல்பட்டு போகும் எலெக்ட்ரிக் ரயிலில் தினமும் தொங்கிக்கொண்டு போகும் அன்பர்களே... ஒரு நிமிஷம் செல்போனிலிருந்து கண்ணை எடுத்து ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். ஏரி தெரியும். குன்று தெரியும். 'ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம்' என்று கூசாமல் பொய் சொல்லும் ரியல் எஸ்டேட் போர்டு தெரியும். தெரியாத ஒன்றும் அந்த வட்டாரத்தில் இருக்கிறது. குன்றுச் சரிவுகளில், முள்ளுக்காட்டுக்கு நடுவே, யாரோ காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி வட்டமாக, பாதி மண்ணில் புதைந்து கிடக்கும் பாறாங்கற்கள்! ஆடு மேய்க்கிறவருக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியாது.

கல்வட்டம் என்று பெயர். உள்ளே இருப்பது சமாதி. சாணூர், குன்னத்தூர், சிறுதாவூர் என்று செங்கல்பட்டைச் சுற்றி இந்த மாதிரி இடங்கள் ஏராளம். மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பட்டியலில் இந்தப் பக்கத்து ஊர்களைப் பார்த்தால் கோயிலுக்குப் போட்டியாகக் கல்வட்டங்களும் கல்லறைகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. அதாவது, இன்றைக்கு நாம் இ.எம்.ஐ. கட்டி வீடு வாங்கும் ஏரியா, இரண்டாயிரம் மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே 'ஹவுஸ்ஃபுல்'. குடியிருந்தவர்கள் மட்டும் கொஞ்சம் அமைதியானவர்கள்.

கல்வட்டத்துக்கு நடுவில் தோண்டினால் என்ன இருக்கும்? இடத்துக்கு இடம் மாறும். சில வட்டங்களில் முதுமக்கள் தாழி. சிலவற்றில் சுட்ட மண்ணால் செய்த ஈமப்பேழை. பாத்டப் மாதிரி நீளமாக, அடியில் வரிசை வரிசையாகக் குட்டைக் கால்களோடு இருக்கும். (பல்லாவரத்தில்கூடக் கிடைத்திருக்கிறது. ஏர்போர்ட்டுக்கு எதிர்த்தாற்போல!) சிலவற்றில் நாலு பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு ராட்சசக் கல்லை மூடிய அறை. இதற்குக் கல்பதுக்கை என்று பெயர்.

அந்த நாலு பலகைக் கல்லை நிறுத்தியிருக்கிற விதத்தைச் சொல்லியே ஆகவேண்டும். சாதாரணப் பெட்டி மாதிரி மூலைக்கு மூலை ஒட்டவைக்கவில்லை. ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லின் முனையைத் தாண்டி நீட்டிக்கொண்டு, மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக் சின்னம் மாதிரி தெரியும். காரணம், வெளியிலிருந்து மண் அழுத்த அழுத்த ஒன்றை ஒன்று தாங்கி இன்னும் இறுகுமே தவிர உள்ளே சாயாது. சிமென்ட் இல்லை, கம்பி இல்லை, பி.இ. சிவில் படித்தவர் யாரும் இல்லை. இரண்டாயிரம் வருஷம் கழித்தும் நிற்கிறது. எங்கள் அபார்ட்மென்ட்டில் பால்கனி நாலாவது வருஷமே விரிசல்!

பல டன் எடையுள்ள மூடுகல்லை எப்படி மேலே ஏற்றினார்கள்? பாறையில் தீ மூட்டிச் சூடேற்றி, தண்ணீர் ஊற்றிப் பலகையாகப் பிளந்திருப்பார்கள், மண்ணைச் சரிவாகக் கொட்டி அதன்மேல் இழுத்து ஏற்றியிருப்பார்கள் என்பது ஆராய்ச்சியாளர்களின் யூகம். ஒரு ஊரே வேலை வெட்டியை விட்டுவிட்டு வந்து இழுத்திருக்க வேண்டும். இதற்காக வேற்றுக்கிரகத்து ஆசாமிகளை வாடகைக்குக் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லை. திருவாரூர்த் தேரை இழுக்கத் தெரிந்த ஜனங்களின் முப்பாட்டன்மாருக்கு ஒரு கல்லை இழுக்கத் தெரியாதா?

நம் கிராமத்து ஜனங்கள் இதற்கு அழகான கதைகள் வைத்திருக்கிறார்கள். பல ஊர்களில் இது 'பாண்டவர் குழி'. வனவாசத்தில் பஞ்ச பாண்டவர்கள் தங்கிய வீடாம். (பாண்டவர்கள் தங்கிய இடங்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் வனவாசம் பன்னிரண்டு வருஷம் போதாது, நூற்றிருபது வேண்டும்!) இன்னும் சில ஊர்களில் இது குள்ளர்களின் வீடு. கல்லறைப் பலகையில் ஒரு ஆள் நுழைய முடியாத அளவுக்கு வட்டமாக ஓட்டை போட்டிருப்பார்கள். அதை வாசற்படி என்று நினைத்தால், உள்ளே இருந்தவன் குள்ளனாகத்தானே இருக்க வேண்டும்? லாஜிக் இடிக்கவில்லை.

தாழிகளுக்கு வேறு கதை. ஆதி காலத்தில் மனுஷர்களுக்குச் சாவே கிடையாதாம். வயசாக வயசாகச் சுருங்கிச் சுருங்கிக் குழந்தை சைஸுக்கு வந்துவிடுவார்களாம். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் ஒரு பானையில் உட்காரவைத்து, சாப்பாடும் விளக்கும் வைத்து மூடிவிடுவார்களாம். என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். முடிக்கும்போது மட்டும் சிரிக்க மாட்டாள்.

வெள்ளைக்காரர்களுக்கும் இந்தக் குழி மேல் ஒரு கண். மலபாரில் பாபிங்டன் என்பவர் சிலவற்றைத் தோண்டிப் பார்த்து எழுதிய கட்டுரை 1823-ல் பம்பாயில் அச்சானது. 'பாண்டு குழி' அவர் காதில் 'பாண்டு கூலி' என்று விழுந்து, தலைப்பே அப்படித்தான் இருக்கிறது. ஏதோ துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களைப் பற்றிய கட்டுரை என்று நினைத்துப் பலர் தாண்டிப் போயிருப்பார்கள்!

அதற்குப் பின் வந்த பெரிய பெயர் மார்ட்டிமர் வீலர். 1945-ல் அரிக்கமேட்டில் ரோமாபுரிச் சரக்குகளைக் கண்டெடுத்தவர், 1947-ல் கர்நாடகத்தின் பிரம்மகிரியில் பெருங்கற்காலக் கல்லறைகளைத் தோண்டினார். இந்தப் பண்பாடு அங்கே தொடங்கியது சுமார் கி.மு. 200-ல் என்று முடிவு கட்டினார். பிறகு கார்பன் பரிசோதனை வந்தது. அதே கர்நாடகத்தின் ஹள்ளூரில் இரும்பு கி.மு. 1000-ஐத் தொட்டது. கல்லறைக்கும் இரும்புக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? கல்வட்டத்துக்குள் தவறாமல் கிடைக்கும் பொருட்கள் இரண்டு. உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஒன்று. இன்னொன்று, கத்தி, ஈட்டி, கோடரி என்று ஏதாவது ஒரு இரும்புச் சாமான். அதனால் இரும்பின் வயசு ஏறினால் இந்தக் கதையும் பின்னால் போகும். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையை வைத்து கி.மு. 3345 வரை போய்விட்டது. அறிஞர்களுக்குள் வாதம் நடக்கிறது, நடக்கட்டும். எல்லாக் கல்வட்டமும் அவ்வளவு பழசு என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால், ஆபீஸில் யாருடைய சீனியாரிட்டியும் இந்த வேகத்தில் ஏறி நான் பார்த்ததில்லை!

இவ்வளவு தோண்டியும் விடை கிடைக்காத விஷயம் எலும்பு. இத்தனை பாடுபட்டுக் கட்டிய அறைக்குள் முழு எலும்புக்கூடு ஒன்று கால் நீட்டிப் படுத்திருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? பெரும்பாலும் இருக்காது. துண்டு துண்டாகக் கொஞ்சம் இருக்கும். சில சமயம் இரண்டு மூன்று பேருடையது கலந்திருக்கும். சிலவற்றில் ஒன்றுமே இருக்காது. உடலை முதலில் வேறெங்கோ வெட்டவெளியில் போட்டுவிட்டு, மிஞ்சிய எலும்பைப் பொறுக்கி வந்து வைத்திருக்கிறார்கள் என்கிறார்கள். மணிமேகலை காலத்திலும் சுடுவது, புதைப்பது, தாழியில் கவிப்பது என்று ஐந்து விதப் பழக்கம் இருந்திருக்கிறது. ஆனால் எலும்பே இல்லாத அறை யாருக்கு? போருக்குப் போய்த் திரும்பி வராதவனுக்கா? யாருக்காகக் காத்திருந்து மூடினார்கள்?

அந்த ஓட்டைக்கும் சரியான பதில் இல்லை. ஆவி வந்துபோக என்பார்கள் சிலர். வருஷா வருஷம் படையல் வைக்க என்பார்கள் சிலர். குடும்பத்தில் அடுத்தவர் இறந்தால் எலும்பை உள்ளே தள்ள என்பது மூன்றாவது கட்சி. நான் மூன்றாவது கட்சிக்கு ஓட்டுப் போடுவேன். குடும்பத்துக்கு ஒரு கல்லறை என்பது நம் ஜாயின்ட் அக்கவுன்ட் புத்திக்குப் பொருந்துகிறது.

கல்லறை கட்டியவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பதும் பல இடங்களில் தெரியாது. அது தெரிந்த அபூர்வமான ஊர் கொடுமணல். ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் கரையில் இருக்கிறது. 1985-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆரம்பித்த அகழாய்வில், ஒரு பக்கம் ஊர், பக்கத்திலேயே ஊர்க்காரர்களின் கல்வட்டங்கள் என்று இரண்டும் கிடைத்தன. இரும்பு உருக்கிய உலை, மணி செய்த பட்டறை எல்லாம் வெளியே வந்தது. ஒரே ஒரு கல்லறைக்குள் 2,200-க்கும் அதிகமான சூதுபவள மணிகள்! அந்தக் கல் கொங்கு நாட்டில் கிடைப்பதில்லை, குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து வாங்கி, அறுத்து, பட்டை தீட்டி, துளை போட்டு... எல்லாவற்றையும் மண்ணுக்குள் வைத்து மூடிவிட்டார்கள்.

அந்த ஊர்க்காரர்களுக்கு எழுதவும் தெரியும். சோற்றுப்பானை ஓட்டில்கூடத் தமிழி எழுத்தில் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் பலர் இருந்திருப்பார்கள். ஆனால் பாருங்கள், இத்தனை பேர் சேர்ந்து இழுத்து நட்ட கல்லறைக் கல்லில் ஒரு எழுத்து இல்லை. பானைக்குப் பெயர் உண்டு, சமாதிக்குக் கிடையாது! எனக்கு இதுதான் ஸ்டோன்ஹென்ஜை விடப் பெரிய மர்மம்.

கொடுமணல் போயிருந்தபோது, மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அதுங்களா? எங்க அப்பாரு காலத்துல அந்தக் கல்லுல ஒண்ணைக்கூட யாரும் தொட மாட்டாங்க. சாமி குத்தமாயிரும்னு பயங்க."

"அப்புறம்?"

"அப்புறம் டிராக்டரு வந்துருச்சுங்க."

இதைவிடச் சுருக்கமாகக் கல்வட்டங்களின் சமீப கால வரலாற்றை யாரும் எழுத முடியாது. உழவுக்குக் கொஞ்சம், ஜல்லிக்குக் கொஞ்சம், புதையல் ஆசையில் ராத்திரியில் கொஞ்சம். உள்ளே இருப்பது பானையும் துருப்பிடித்த கத்தியும்தான் என்று தோண்டினவனுக்குத் தெரியும்போது, கல்லறை பாழாகி இருக்கும். (பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்பது 1878-ஆம் வருஷத்துச் சட்டம்.) ஒரு கல்லை நகர்த்திவிட்டால் போச்சு. எது எங்கே, எந்தத் திசை பார்த்து, எதன் மேல் எது இருந்தது என்பதுதான் ஆராய்ச்சியாளருக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி.

இனி 47-ஆம் நம்பருக்கு வருகிறேன். ஆபீஸ் நண்பன் ஒருவன் செங்கல்பட்டுக்கு அப்பால் அரை கிரவுண்டு மனை பார்க்கக் கூப்பிட்டான். ஊர் பெயர் வேண்டாம். சுண்ணாம்புக் கோடு, கொடி, ஷாமியானா, இலவச மதிய சாப்பாடு எல்லாம் உண்டு. 47-ஆம் நம்பர் மனைக்குள் நுழைந்தால்... பதினாலு கற்கள். எண்ணிப் பார்த்தேன். வட்டம் கிட்டத்தட்ட முழுசாக இருந்தது.

புரோக்கர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அது ஒண்ணும் இல்ல ஸார், பழைய கல்லு. ஜே.சி.பி. வச்சு ரெண்டு மணி நேரத்துல கிளீன் பண்ணிடலாம். வேணும்னா நீங்களே பேஸ்மென்ட்டுக்கு யூஸ் பண்ணிக்கலாம்" என்றார்.

"அது சமாதிங்க" என்றேன்.

நண்பன் வெலவெலத்துப் போனான். "வாஸ்துப்படி..." என்று இழுத்தான்.

"ஈசான்ய மூலையில இல்லியே ஸார்!" என்றார் புரோக்கர், கண் இமைக்காமல்.

சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்தேன். மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கும் இடமாக இருந்தால், அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுசாக எதையும் கட்ட முடியாது. அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்டலாம். 2010-ல் திருத்திய சட்டம் இது. அந்தப் பக்கம் மனை வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்றிதழோடு இதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அழ வேண்டாம். ஆனால் இது பட்டியலில் இருக்கிற இடத்துக்குத்தான். 47-ஆம் நம்பர் எந்தப் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் இல்லாத கல்வட்டத்துக்கு முள்வேலிகூடக் கிடையாது.

திரும்பி வரும்போது ரயிலில் நண்பனுக்கு ஒரு கதை சொன்னேன். உலகமே போய்ப் பார்க்கிற ஸ்டோன்ஹென்ஜும் ஒரு காலத்தில் பிளாட்தான். 1915 செப்டம்பரில் ஸாலிஸ்பரி ஊரில் ஏலம் விட்டார்கள். லாட் நம்பர் 15. ஸெஸில் சப் என்ற உள்ளூர்க்காரர் 6,600 பவுண்டுக்கு எடுத்தார். பெண்டாட்டி அவரை நாற்காலி வாங்கத்தான் அனுப்பினாள் என்று ஒரு வேடிக்கைக் கதை உண்டு. மூன்றே வருஷத்தில், 1918-ல், அதை நாட்டுக்கே தானமாகக் கொடுத்துவிட்டார்.

நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவரு கையில ரொக்கம் வச்சிருந்தாருடா. எனக்கு இருபது வருஷ லோன். நான் யாருக்குத் தானம் பண்றது?" என்றான்.

அவன் கடைசியில் 52-ஆம் நம்பருக்கு அட்வான்ஸ் கொடுத்தான். போன மாதம் கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது பார்த்தேன். 47 இன்னும் விலை போகவில்லை. பதினாலில் பதினொரு கற்கள் இருக்கின்றன. ஒன்றின் மேல் சிவப்புப் பெயின்ட்டில் '47' என்று பெரிசாக எழுதி, பக்கத்தில் ஒரு செல்போன் நம்பரும் போட்டிருக்கிறார்கள்.